முழுப் பாட்டு எந்தத் தட்டில்?

'அலைகள் ஓய்வதில்லை' படத்தை 1981-இல் தியேட்டரில் பார்த்த என் வயசுக்காரர்கள் பலர், 'புத்தம் புது காலை' இப்போது வரும், அடுத்து வரும் என்று கடைசி ரீல் வரை காத்திருந்துவிட்டு எழுந்து வந்தார்கள். எஸ். ஜானகி பாடிய அந்தப் பாட்டு இசைத்தட்டில் உண்டு, படத்தில் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் வந்த 'நிழல்கள்' படத்திலும் இதே கதைதான். 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' தட்டோடு நின்றுவிட்டது. பத்து வருஷம் கழித்து 'தளபதி'யில் 'புத்தம் புது பூ பூத்ததோ'. கேசட் தேயத் தேயக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு தீபாவளிக்குப் படம் பார்க்கப் போனால், பாட்டு திரையில் இல்லை.

படத்தில் இல்லாத பாட்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது இலங்கை வானொலி. படத்தில் இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் பார்த்ததில்லை. தட்டு வந்து சேர்ந்தால் சுழலவிட்டார்கள். மதுரையில் எங்கள் தெருவில் காலையில் ஒரு வீட்டு ரேடியோவில் தொடங்கும் பாட்டு அடுத்தடுத்த வீடுகளிலும் அறுபடாமல் கேட்கும். படம் பார்ப்பதற்கு முன்பே பாட்டு எங்களுடையதாகிவிட்டது. அதனால், சினிமா பாட்டு என்பது படத்தின் ஒரு பகுதி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் ஒட்டாது. தட்டுக்கென்று தனி வாழ்க்கை இருந்தது. அந்த வாழ்க்கையைத் துரத்திக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குள்ள ஒரே மனக்குறை, ஒரு படத்தின் பாட்டுகளை 'இதோ, இதில் எல்லாம் இருக்கிறது' என்று ஒற்றைத் தட்டாக எடுத்து யாரிடமும் கொடுக்க முடியவில்லை என்பதுதான்.

எண்பதுகளில் தட்டு வாங்குகிற வசதி எங்களுக்குக் கிடையாது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வாசலில் எல்பி உறைகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு டர்ன்டேபிள், இரண்டு மூன்று டெக். மேஜை மேல் நீளமான கணக்கு நோட்டுகள். அகர வரிசையில் படங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் கீழே பாட்டுகள், பக்கத்தில் நம்பர். நாம் நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். "அறுபதா தொண்ணூறா தம்பி?" என்பார் கடைக்கார அண்ணன். டிடிகே அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம், சுமாராக ஏழு பாட்டு. ஏழாவது பாட்டு முடிவதற்குள் நாடா முடிந்துவிடும் என்று தெரிந்தால், அவர் குமிழைத் திருகி ஒலியை மெல்ல மெல்லக் குறைத்துவிடுவார். கடைசிச் சரணம் காற்றில் கரைந்துபோகும்.

அந்தக் கரைசல்தான் பாட்டின் முடிவு என்று பல வருஷம் நம்பியிருந்தோம். இசையமைப்பாளர் அந்தப் பாட்டை அழகாக ஒரு வயலின் வரிசையோடு முடித்திருந்தார் என்பது பிறகு தட்டு கையில் கிடைத்தபோதுதான் தெரிந்தது. இதில் அண்ணனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் நேரம் இருந்த அளவுக்குக் கொடுத்தார். ஆனால் இதே வேலையைப் பெரிய நிறுவனங்களும் செய்தன. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அளவின் கட்டாயம் ஆரம்பம் முதலே இருந்தது. பழைய 78 தட்டில் பத்தங்குல அகலத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். பாட்டு நீண்டால் முன்பக்கம் முதல் பாகம், பின்பக்கம் இரண்டாம் பாகம். அந்தப் பாட்டுகளை எல்பிக்கு மாற்றியபோது சில தொகுப்புகளில் இரண்டு பாகங்களையும் ஒட்டினார்கள். சிலவற்றில் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏழங்குல ஈபியில் நான்கு பாட்டு. பன்னிரண்டங்குல எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று எல்பி போடுவது இங்கே சகஜம். ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு இருந்தால் ஒன்று வெளியே நிற்கும், அல்லது ஒன்றின் இடையிசையில் கத்தரி விழும். வெளியே நின்ற பாட்டு ஈபியில் மட்டும் இருக்கும். ஈபியில் இல்லாத பாட்டு எல்பியில் இருக்கும். கேசட்டில் இரண்டும் இருக்கும், ஆனால் வரிசை மாறியிருக்கும், ஹம்மிங் போயிருக்கும். ஆகவே புதிதாக ஒன்று வாங்கினேன் என்பதற்காகப் பழையதை யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர். 'ப்ரியா' படத்தின் பாட்டுகளை அதில்தான் கேட்டு வளர்ந்தேன். 1978-இல் வந்த அந்தப் படத்தின் பாட்டுகள் தமிழில் ஸ்டீரியோவில் பதிவானவற்றில் முன்னோடி என்று பேசப்பட்டவை. வேலைக்குப் போய் முதலில் வாங்கிய நல்ல செட்டில் அந்த எல்பியைப் போட்ட சாயங்காலம், இடது பக்கம் ஒரு வாத்தியம் கேள்வி கேட்க, வலது பக்கம் இன்னொன்று பதில் சொல்லியது. ஜேசுதாஸ் நடுவில் நின்று பாடினார். எனக்குத் தெரிந்த பாட்டுதான், அதன் ஒவ்வொரு சங்கதியும் தெரியும். ஆனால் அது நடக்கிற இடம் எத்தனை விசாலமானது என்பது அன்றுதான் காதில் விழுந்தது. அதுவரை பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் கதவைத் திறந்து உள்ளே போனதைப் போல இருந்தது. அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே எந்தப் பதிப்பையும் லேசில் விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

பிறகு குறுந்தகடு வந்தது. கீறல் இல்லை, முள் இல்லை, எழுபது நிமிஷத்துக்கு மேல் கொள்ளும். இனி எந்தப் பாட்டும் வெளியே நிற்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டோம். இளையராஜா பாட்டுகளின் ஆரம்பகாலக் குறுந்தகடுகள் பல வெளிநாட்டிலிருந்து வந்தவை. புலம்பெயர்ந்த தமிழர்கள் லண்டனிலும் பாரிஸிலும் கடை நடத்தி, ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்துக்குத் தகடு போட்டார்கள். சென்னையில் அவை பர்மா பஜாரில் கிடைத்தன, விலை அதிகம். நான் காசு சேர்த்து வாங்கிய ஒன்றை வீட்டில் போட்டபோது ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது, என்ன என்று பிடிபடவில்லை.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற நண்பன் ஒருவன் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். அவன் வந்து இரண்டு வரி கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, இது எங்க வாங்குன? அரைக் கட்டை ஏறி நிக்கிதுடா."

"சிடிடா. சிடில எப்படிடா ஏறும்?"

"நீ தட்டப் போடு, நான் காட்டுறேன்."

எல்பியைப் போட்டோம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். தட்டில் பாட்டு அந்தச் சுருதியில் கச்சிதமாக உட்கார்ந்தது. தகட்டில் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டையை எட்டித் தொட்டது. நாடா ஓடும் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். நான்கரை நிமிஷப் பாட்டில் கால் நிமிஷம் காணாமல் போயிருக்கும். யாரோ எங்கோ வேகம் சரிபார்க்காத மிஷினில் நாடாவை ஓட்டி, அதை அப்படியே தகடாக்கிவிட்டார்கள். ஜானகியின் குரல் மெலிந்து, சிறுபெண் குரலாகியிருந்தது. எந்தக் கேசட்டிலிருந்து பாட்டு எடுத்தார்களோ அந்தக் கட்டையில் குழுவினர் பயிற்சி செய்துவிட்டு, பாடுகிறவர் வேறு கேசட்டில் கேட்டுவிட்டு வந்து மேடையில் திண்டாடிய கதைகளை அன்று ராத்திரி அவன் வரிசையாகச் சொன்னான்.

வேகம் ஒரு பக்கம் என்றால் 'சுத்தம் செய்வது' இன்னொரு பக்கம். தட்டின் இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல் ஸ்தாயி முழுவதையும் வழித்துவிடுகிறார்கள். இரைச்சலோடு சேர்ந்து தபலாவின் விரல் நுனிச் சத்தமும், பாடகர் மூச்செடுக்கிற ஓசையும், வயலின் வில் நரம்பில் படுகிற உரசலும் போய்விடும். பாட்டு இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு இரைச்சல் தொந்தரவே இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் பேச்சு புரிகிறது அல்லவா, காது தானே பிரித்துக்கொள்ளும்.

இப்படியெல்லாம் ஏன் ஆயிற்று என்று விசாரித்தால் காரணம் எளிமையானது. படத் தயாரிப்பாளர் தட்டு உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். கேசட் வந்தபோது சில படங்களுக்கு அது வேறு கைக்குப் போனது. குறுந்தகடு இன்னொரு நாட்டுக்கு, இணைய உரிமை இன்னொருவருக்கு. இளையராஜா பாட்டுகளின் உரிமை பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்ததைச் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் அறிவார்கள். உரிமைப் பத்திரம் கைமாறியபோது மூல நாடாவும் கூடவே போனதா என்பதுதான் கேள்வி. பல நேரம் போகவில்லை. புது உரிமையாளர் கையில் இருந்தது ஒரு நகல், அல்லது நகலின் நகல், அல்லது கடையில் வாங்கிய தட்டு. முள் தட்டில் இறங்குகிற 'டப்' சத்தம் கேட்கிற குறுந்தகடு என்னிடமே இருக்கிறது. உறையில் 'டிஜிட்டல்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மூல நாடா இருந்தாலும் நம் ஊர் ஈரக்காற்று அதற்கு எதிரி. எழுபது எண்பதுகளின் சில ரக நாடாக்களில் காந்தத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து மிஷினில் ஒட்டும், அதோடு அந்தப் பாட்டு போயிற்று. ஐம்பது டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்கில் பதமாக வாட்டி எடுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். இது உலகம் முழுக்கத் தெரிந்த கைமுறை. பொறுமையும் பணமும் வேண்டும், அதைவிட இது காப்பாற்ற வேண்டிய பொருள் என்ற எண்ணம் வேண்டும்.

படத்துக்கும் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் சரித்திரமாகவே ஆகிவிடும். 1966-இல் வந்த 'அன்பே வா'வில் வாலி எழுதி டி.எம்.எஸ். பாடிய 'புதிய வானம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் 'உதய சூரியன்' என்று இருப்பது திரையில் 'புதிய சூரியன்' ஆனது. உதய சூரியன் தி.மு.க.வின் சின்னம் என்பதால் தணிக்கையில் வந்த மாற்றம். மறு வருஷத் தேர்தலில் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஒரே ஒரு சொல்லில் அந்தக் காலத்து அரசியல் முழுவதும் இருக்கிறது. தட்டை வைத்திருப்பவனிடம் ஒன்று, படத்தை வைத்திருப்பவனிடம் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத்தான் அசல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விற்பனைக்கு வருகிற தொகுப்பில், இது தட்டிலிருந்து எடுத்தது, இது படத்தின் ஒலிச்சுவட்டிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி போடலாமே. பெட்டிக்குள் வைக்கிற தாளில் நடிகர்களின் படம் போட இடம் இருக்கிறது, இதற்கு இடம் இல்லையா?

அமெரிக்காவில் இதே நோய் வேறு விதமாக இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' இசை 1977-இல் இரட்டை எல்பியாக வந்தது. 1997-இல் விடுபட்டவற்றையும் சேர்த்து இரட்டைக் குறுந்தகடாக வந்தது. அங்கே சேகரிக்கிறவர்கள் ஒரே இசையை மறுபடி மறுபடி வாங்க வைக்கிறார்கள் என்று கோபப்படுவதை அறிவேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களின் பின்னணி இசையும் 2005 முதல் 2007 வரை, வருஷத்துக்கு ஒன்றாக, முழுசாகப் பெட்டிகளில் வந்தது. கூடவே எந்தக் காட்சிக்கு எந்தக் கருப்பொருள் இசை என்று விவரமான குறிப்புகள். பல தடவை காசு பிடுங்கினாலும் கடைசியில் முழுசாக ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நமக்கு அந்தக் கடைசிப் பெட்டி வரவே இல்லை.

முக்கியமாகப் பின்னணி இசை. 'மௌன ராகம்' 1986-இல் வந்தது. அந்தப் படத்தில் பேச்சே இல்லாத இடங்களில் இசை என்ன செய்கிறது என்று பேச ஆரம்பித்தால் நானும் என் நண்பனும் விடிய விடியப் பேசுவோம். அந்த இசை அன்று தட்டாகவோ கேசட்டாகவோ வரவில்லை, பாட்டுகள் மட்டும்தான் வந்தன. ரசிகர்கள் டிவிடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். உருகி நிற்கிற இடத்தில் கதவு தட்டுகிற சத்தமும், கார் கிளம்புகிற சத்தமும், வசனமும் குறுக்கே வரும். பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தங்களையும் தாளமாக ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்பைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இத்தனை ஆசையோடு வாங்கக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல பதிப்பைக் கொடுக்க ஆளில்லை. அதே ஊரில், அதே காலத்தில், 'திருவிளையாடல்' கதை வசனம் முழுசாகத் தட்டிலும் கேசட்டிலும் வந்து கோயில் திருவிழா தோறும் ஒலித்தது. மனசிருந்தால் வழி இருந்திருக்கிறது.

இசைக்கலைஞர்களின் பெயரையாவது அச்சிட்டிருக்கலாம். அந்தப் புல்லாங்குழல் யாருடையது, அந்த கிடார் யாருடையது என்று எங்களுக்கு வாய்வழியாகத்தான் தெரியவந்தது. ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு கேசட் தாளில் வாசித்தவர்களின் பெயர்களைப் பார்த்ததும் அதை மடித்து மடித்துப் படித்தது நினைவிருக்கிறது.

இப்போது எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. தேடினால் ஒரே படம் மூன்று நான்கு இடங்களில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு நீளம். 1980-இல் வந்த படத்துக்கு ஏற்றிய வருஷமே வெளியான வருஷமாக நிற்கிறது. பாடகர் பெயர் மாறியிருக்கிறது. போன பொங்கலுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். நான் தட்டில் போட்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, "மாமா, இந்த எடத்துல ஒரு குழல் வருதே, என் போன்ல இது இல்லவே இல்லையே" என்றாள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். அவளுடைய பதிப்பில் இரண்டாவது இடையிசையின் பாதியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடம் தெரியாத அளவுக்குக் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தார்கள், அதுதான் கூடுதல் வருத்தம். அவள் வயசுப் பிள்ளைகளுக்கு அந்தக் குழல் இருந்தது என்றே தெரியாமல் போகும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன். எந்த வருஷத்துத் தட்டு, லேபிளுக்குப் பக்கத்தில் பாட்டில்லாத வட்டத்தில் பொறித்திருக்கிற எண் என்ன, பாட்டின் நீளம், சுருதி, மற்ற பதிப்புகளில் இல்லாதது எது, இதில் இல்லாதது எது. நண்பன் கீபோர்டோடு வந்து சுருதி சரிபார்க்கிறான். அக்கா மகள் கணினியில் ஏற்றுகிறாள். எங்கள் கையில் இருக்கிற தட்டுகளுக்கு இது போதும். தட்டுக்கு முன்னால் என்ன இருந்தது, எந்த நாடாவில் எந்தக் கலவை இருந்தது, எது படத்துக்கு, எது தட்டுக்கு என்பதெல்லாம் எங்களால் முடியாது. அன்று அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் பொறியாளர்களாகவும் உதவியாளர்களாகவும் இருந்தவர்களில் சிலர் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். நாடாப் பெட்டியின் மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். உரிமை யாரிடம் இருந்தாலும் சரி, வழக்கு எங்கே நின்றாலும் சரி, பெட்டிகளை அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். அதை இந்த வருஷமே செய்ய வேண்டும்.